புனே நகரத்துப் பழைய வாடாக்கள்

புனே நகருக்குப் புதிதாய் வந்து சேரும் நம் தமிழ்க் குடும்பத்துச் சிறுவர்கள் முதலில் கேட்டுச் சிரிக்கும் சொல் 'வாடா' என்பதே. பேருந்து நடத்துனர் 'சனிவார் வாடா' என்று கூவியதும், சனி பகவானை எவரோ ஏக வசனத்தில் அழைக்கின்றார் என்று ஒரு சிறுவன் தன் தாயிடம் கூறியதை நாங்கள் நேரிலேயே கேட்டிருக்கின்றோம். மராத்தி மொழியில் வாடா என்பது முற்றமும் கட்டுகளும் கொண்ட பெருவீட்டைக் குறிக்கும். பேஷ்வாக்கள் காலத்தில் சர்தார்களும் லேவாதேவிக்காரர்களும் குருக்களும் கட்டிய இத்தகைய வீடுகளே நெடுங்காலம் புனேயின் பேட்டைகளை நிரப்பி நின்றன.

தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தோர்க்கு வாடாவை விளக்குவது எளிது. தெருவை ஒட்டிய மேடை நம் திண்ணை. பெருங்கதவைக் கடந்ததும் காவலர் இருந்த தேவடி நம் ரேழி. நடுவே வானம் தெரியும் சௌக் நம் முற்றம். அதைச் சுற்றி ஓடும் ஓசரி நம் தாழ்வாரம். பூசைக்குத் தேவ்கர், பெண்டிர் புழங்க மாஜ்கர், மாடியில் விருந்தினரை வரவேற்கத் திவாண்கானா, பின்னே கொல்லை. நாம் இரண்டு கட்டு வீடு என்பதை இங்கே இரண்டு சௌக் வாடா என்கின்றனர். இரு தூண்களுக்கு இடைப்பட்ட வெளியைக் 'கண்' என்கின்றனர். நம் ஊரில் 'அங்கணம்' என்போமே, அதுதான். சத்ரபதி சிவாஜியின் தம்பியான வேங்கோஜி 1670-களில் தஞ்சையில் ஆட்சி நிறுவ, அவ்வழியினர் 1855 வரை அங்கே அரசர் என்ற பெயருடன் விளங்கினர். ஆதலின் இவ்வொற்றுமையில் யார் யாரிடம் கற்றனர் என்று வினவத் தோன்றும். அதை ஆராய்வது ரயில்வே சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதும் எம்போன்றோர் தொழிலன்று, புலவர்க்கு விட்டுவிடுகின்றோம்.

இவ்வாறு வாடாக்களைப் பார்க்கப் புறப்பட்டது வேடிக்கைக்காக அன்று. எங்களுடன் பணியாற்றும் நண்பர் ஒருவர், தம் தந்தையார் காலம் தொட்டு ராஸ்தா பேட்டையில் ஒரு பழைய வாடாவின் மாடியில் நான்கு கண் இடத்தில் குடியிருக்கின்றார். அதே வாடாவில் மேலும் ஏழு குடும்பங்கள் உண்டு. சென்ற மழைக்காலத்தில் முற்றத்தை நோக்கிய சுவரின் ஒரு பாகம் இரவோடிரவாகச் சரிந்து விழுந்தது. நற்பேறாக எவர்க்கும் காயமில்லை. அதன்பின் வீட்டுக்காரர் எட்டுக் குடும்பத்தாரையும் அழைத்து இரு வழிகளை முன் வைத்தார். ஒன்று, வாடாவை இடித்து அடுக்குமாடி கட்டும் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிடுவது. ஒவ்வொரு குடும்பத்திற்கும் அதில் ஓர் இடம் கிடைக்கும். மற்றொன்று, எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு வாடாவைச் செப்பனிட்டு, கொல்லைப் புறத்தில் சமையலறை, குளியலறை, கழிப்பறைகளைப் புதிதாய்க் கட்டிச் சேர்ப்பது. தீபாவளிக்குள் கையொப்பமிட வேண்டும் என்றார்.

நண்பருக்கு வாடாவை விட மனமில்லை. அவர்தம் துணைவியாருக்கோ அதில் இருக்க மனமில்லை. அம்மையார் கூறியது நியாயமே. "தூண் அழகு, விட்டம் அழகு என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், மாமா. ராத்திரி பத்து மணிக்கு மாமியாரைக் கைப்பிடித்துக் கீழே இருக்கும் பொதுக் கழிப்பறைக்கு அழைத்துப் போகிறவள் நான்தானே?" என்று எங்கள் சங்கத்து மூத்த உறுப்பினரான பெரியவரிடம் அவர் கேட்டார். பெரியவர் சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "பழைய வீடுகளை வைத்துக்கொண்டவர்கள் எப்படி வைத்துக்கொண்டார்கள், விட்டவர்கள் எப்படி விட்டார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவோம், அம்மா. பிறகு உன் தீர்ப்பு" என்றார். அவ்வாறே நாங்கள் நால்வரும் புறப்பட்டோம்.

முதலிற் சென்றது சனிவார் வாடா. முதலாம் பாஜிராவ் 1730 ஜனவரி 10-ஆம் நாள் அடிக்கல் நாட்டி, 1732 ஜனவரி 22-ஆம் நாள் புகுந்த அரண்மனை அது. இரு நாள்களும் சனிக்கிழமை. பெயரும் அதனால் வந்தது. இன்று அங்கே மிஞ்சியிருப்பவை கருங்கல் மதிலும், கூரிய முட்கள் பதித்த டில்லி தர்வாஜா முதலான வாயில்களும், வாயிலின் மேலுள்ள நகரா மண்டபமும், நீரூற்றுகளின் தொட்டிகளும், அடித்தளக் கோடுகளுமே. 1828 பிப்ரவரி 27-இல் பற்றிய தீ ஏழு நாள் எரிந்து, உள்ளிருந்த மரக் கட்டடங்களைச் சாம்பலாக்கியதாகக் கூறுவர். தேக்கு மரத் தூண், தேக்கு மர விட்டம், இடையே செங்கல் என்று கட்டிய வீட்டிற்குத் தீயைப் போன்ற பகை வேறில்லை. பெரியவர் நண்பரின் பக்கம் திரும்பி, "உங்கள் வாடாவில் மின்சாரக் கம்பிகள் எந்த நிலையில் உள்ளன?" என்று மட்டும் கேட்டார். நண்பர் விடை கூறவில்லை. மாடிப்படியின் கீழே துணி சுற்றிய பழங்கம்பிகள் கொடி போல் தொங்குவதை நாங்கள் எல்லோருமே கண்டிருக்கின்றோம்.

மதிலுக்கு எதிர்ப்புறம் சிறிது தொலைவில் உள்ள லால் மஹாலை விரைவாகப் பார்த்து நீங்கினோம். சிவாஜி இளமையில் வாழ்ந்த மாளிகை அவ்விடத்தில் இருந்தது. அது அழிந்து போய் நெடுநாளாயிற்று. இன்று நிற்பது 1980-களில் மாநகராட்சி பழைய பாணியில் எழுப்பிய புதுக் கட்டடம். குழந்தைகளுக்குக் கதை சொல்ல நல்ல இடம். ஆயினும் பழைய வீட்டைப் பார்த்தோம் என்ற நிறைவு அங்கே எங்களுக்கு உண்டாகவில்லை.

அருகிலேயே நானா வாடா. பேஷ்வாக்களின் மதியமைச்சரான நானா பட்னவீஸ் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமக்கெனக் கட்டிய இல்லம். எங்கள் வினாவுக்கு நேரான விடை இங்கேதான் கிடைத்தது. பேஷ்வா காலத்து மரவேலைப் பகுதியை ஒட்டி, ஆங்கிலேயர் காலத்தில் சேர்க்கப்பட்ட கருங்கற் கட்டடம் ஒன்று நிற்கின்றது. இரண்டும் இரு வேறு காலத்தவை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறியலாம். சேர்த்தவர்கள் மரத்தூணைப் போலக் கல்லிற் செதுக்கி ஏமாற்ற முயலவில்லை. அன்று தமக்கு நன்கு தெரிந்த வேலையைத் தம் முறையிலேயே செய்தனர். அங்கே படம் வரைந்து கொண்டிருந்த கட்டடக் கலை மாணவர் ஒருவர், 1964-இல் வெனிஸ் நகரில் கூடிய பல நாட்டு அறிஞர்கள் இதனையே விதியாக எழுதி வைத்தனர் என்றார். புதிதாய்ச் சேர்ப்பது பழையதோடு இசைந்து போக வேண்டும். ஆனால் அதுவும் பழையதே என்று காண்பவரை மயக்கலாகாது என்பது அவ்விதியின் சாரமாம். எங்கள் அலுவலகத்திலும் பழைய பேரேட்டில் திருத்தம் செய்தால் சிவப்பு மையில் எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். சுரண்டி எழுதினால் விளக்கக் கடிதம்தான். விதி எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது.

அங்கிருந்து சிவாஜி சாலை வழியே புதவார் பேட்டைக்கு நடந்தோம். தகடுசேட் கணபதி கோயிலுக்கு எதிர்ப்புறம் பிடே வாடா இருந்த இடம். ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் 1848-இல் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கிய வீடு அது. இந்நாட்டில் பெண் கல்வியை எண்ணும் எவரும் தலை வணங்க வேண்டிய இடம். ஆனால் பல்லாண்டுகள் கடைக்காரர்களுக்கும் மாநகராட்சிக்கும் இடையே வழக்கு நடந்தது. நடந்த காலமெல்லாம் கூரை ஒழுகியது. 2023-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று முடிந்து, அவ்வாண்டு டிசம்பரில் நினைவிடம் அமைப்பதற்காக வீடு இடிக்கப்பட்டது. சாவித்திரிபாய் கால் வைத்த படி எது என்று இனி எவரும் காட்ட இயலாது. நண்பரின் துணைவியார் அங்கே நெடுநேரம் நின்றார். அவருக்கு இரு பெண்கள். இருவரும் கல்லூரியிற் பயில்கின்றனர்.

நண்பகலுக்குள் பாஜிராவ் சாலையில் உள்ள விஸ்ராம்பாக் வாடாவை அடைந்தோம். இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்கள் ஒரே ஒரு வாடாவைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால் இதனையே பாருங்கள். இரண்டாம் பாஜிராவ் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாம் வசிப்பதற்குக் கட்டியது. வாயிலின் மேல் நிற்கும் தேக்கு மர மாடத்தைத் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து காண வேண்டும். அடியிற் பருத்து நுனியிற் குறுகும் தூண்களைச் சுரு மரத்தின் வடிவம் என்கின்றனர். தூண்களுக்கு மேலே வளைவுகள். வளைவுகளின் முனையில் தலைகீழாய்த் தொங்கும் வாழைப்பூக்கள். சமையலுக்கு ஆகாத வாழைப்பூவை இத்துணை நேர்த்தியாய் மரத்திற் செதுக்கியவன் நம் ஊர் வாழைத் தோட்டம் ஏதேனும் கண்டவனோ என்று பெரியவர் வியந்தார்.

இவ்வாடா பட்ட பாடும் சிறிதன்று. பேஷ்வாவின் ஆட்சி 1818-இல் முடிந்தது. 1821-இல் ஆங்கிலேயர் இங்கே வடமொழிப் பாடசாலையைத் தொடங்கினர்; பின்னாளில் டெக்கான் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. 1879-இல் தீயால் ஒரு பகுதி அழிந்து, திரும்பக் கட்டப்பட்டது. பின்னர் நகராட்சி அலுவலகமும் சில பத்தாண்டுகள் இங்கே இயங்கியது. அலுவலகம் என்றால் என்ன நிகழும் என்று எங்களுக்குத் தெரியும். முற்றத்தை மறைத்து அறை, தாழ்வாரத்தை மறைத்துப் பலகைத் தடுப்பு, தடுப்பின் மேல் அலமாரி, அலமாரியின் மேல் கோப்பு. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மாநகராட்சி செப்பனிடும் பணியை மேற்கொண்டது. கட்டங்கட்டமாக வேலை நடந்து, இன்று கண்காட்சிக்கும் கலை நிகழ்ச்சிக்கும் பயன்படுகின்றது. யாரும் புழங்காத வீடு விரைவில் கெடும். ஆகவே ஏதேனும் ஒரு பயனுக்கு விட்டது நன்று என்பது எங்கள் கருத்து.

மாலையில் சுக்ரவார் பேட்டையில் உள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்திற்குள் நுழைந்தோம். தினகர் கேல்கர் என்னும் பெரியார், மறைந்த தம் மகனின் நினைவாகத் திரட்டிய பொருள்கள் அங்கே உள்ளன. விளக்குகளையும் பாக்குவெட்டிகளையும் பற்றி வேறொரு சமயம் எழுதலாம். அன்று எங்கள் கண்ணிற் பட்டவை கதவுகள். இல்லாமற் போன வாடாக்களின் கதவுகளும் சன்னல்களும் சுவரோரம் வரிசையாய் நிற்கின்றன. கோத்ரூட்டில் மஸ்தானிக்கென இருந்த மாளிகையைக் கூடப் பிரித்துக் கொணர்ந்து இங்கே பொருத்தியுள்ளனர். கேல்கர் அவர்கள் இவற்றைக் காவாதிருந்தால் விறகாய்ப் போயிருக்கும், ஐயமில்லை. ஆயினும் திறந்தால் ஒரு வீடு தெரியாத கதவைப் பார்ப்பது என்னவோ போலிருந்தது. நண்பர் ஒரு கதவின் தாழ்ப்பாளை உற்று நோக்கி, "எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளும் இதே மாதிரிதான் சார்" என்றார்.

மறு ஞாயிறு நண்பரின் வாடாவிலேயே கூடினோம். வீட்டுக்காரர் ஒரு முதிய தச்சரை வரவழைத்திருந்தார். மராத்தியில் சுதார் என்பர். இவர் தந்தையும் பாட்டனும் வாடா வேலை செய்தவர்களாம். கையிற் சிறு சுத்தியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டே சென்றார். நல்ல மரம் கணீரென்று ஒலித்தது. கெட்ட மரம் பூசணிக்காயைத் தட்டியது போல் ஒலித்தது. முற்றத்தைச் சுற்றியிருந்த தூண்களில் நான்கு மட்டுமே அடியிற் கெட்டிருந்தன. அவையும் கல்பீடத்திற்கு மேல் இரண்டடி அளவுதான். மேலே முழுவதும் இரும்பு போன்ற தேக்கு. விட்டங்களில், சுவருக்குள் நுழைந்திருந்த முனைகள் சில உளுத்திருந்தன.

காரணம் என்ன என்று கேட்டோம். தச்சர் சரிந்த சுவரைக் காட்டினார். சுமார் இருபதாண்டுகளுக்கு முன் ஒரு குத்தகைக்காரர், உறுதியாய் இருக்கட்டும் என்று பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டால் பூசிவிட்டாராம். வெளிக்கு மினுமினுவென்று இருந்தது. வீட்டுக்காரரும் மகிழ்ந்து பணம் கொடுத்தார். மண்ணிலிருந்து ஏறும் ஈரமும் கூரையிலிருந்து இறங்கும் ஈரமும் சுண்ணாம்புச் சுவரில் தாமே வெளிப்பட்டு உலர்ந்துவிடும். சிமெண்டு அவ்வழியை அடைத்துவிட்டது. ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லைப் பொடியாக்கி, விட்டத்தின் முனையைத் தின்று, இறுதியிற் சுவரைத் தள்ளிவிட்டது. இருநூறு ஆண்டு வயதைப் பழிப்பது எளிது. இருபதாண்டுப் பூச்சு செய்த வேலை அது.

செப்பனிடும் முறையையும் கேட்டறிந்தோம். விட்டத்திற்குக் கீழே முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் நூலளவு தூக்கி, தூணின் கெட்ட அடியை மட்டும் அறுத்தெடுத்து, அதே பருமனுள்ள பழந்தேக்குத் துண்டைச் சாய்வாக வெட்டிப் பொருத்தி மர ஆணி அடிப்பார்களாம். பழந்தேக்கு, இடிக்கப்பட்ட வேறு வாடாக்களிலிருந்து பவானி பேட்டை மரக்கடைகளுக்கு வருகின்றது. ஒரு வீடு இறந்து மற்றொரு வீட்டிற்குக் கால் கொடுக்கின்றது. சுவருக்கு மறுபடியும் சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பில் வெல்லமும் கடுக்காயும் சேர்ப்போம் என்று தச்சர் கூறியதும் பெரியவர் மலர்ந்து, தம் பிறந்த ஊரிலும் கடுக்காய் ஊற வைத்த நீரையே ஊற்றி அரைப்பார்கள் என்றார். மொழி தெரியாத இருவரும் அதன்பின் அரை மணி நேரம் கைச்சாடையாலேயே சுண்ணாம்பு அரைத்தனர்.

இனிக் கொல்லைப்புறக் கட்டடம். இதில்தான் நண்பரின் துணைவியார் காது கொடுத்துக் கேட்டார். புதுக்கட்டடத்திற்குத் தனி அடித்தளம் போட்டு, பழைய சுவரின் மேல் பாரம் ஏற்றாமல் சிறிது விலகி நிறுத்துவது. தண்ணீர்க் குழாய்களும் கழிவுக் குழாய்களும் பழைய சுவரைத் தொடாமல் புதுக்கட்டடத்தோடேயே செல்வது. உயரம் பழைய இறவாரத்திற்கு மேற்படாமை. கூரைக்குச் சாய்வான ஓடு. சன்னல்கள் பழையவற்றின் அகல உயர அளவிலேயே, ஆனால் செதுக்கு வேலை இன்றி எளிமையாக. மாடிக் குடும்பங்கள் பின் தாழ்வாரத்திலிருந்து நேரே கடந்து செல்லச் சிறு பாலம். "அப்போது மாமியார் படி இறங்க வேண்டாமா?" என்று அம்மையார் கேட்டார். வேண்டாம் என்று தச்சர் தலையசைத்ததை எவரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இவ்விடத்தில் வீட்டுக்காரரின் பக்கத்தையும் கூறாவிடின் நடுநிலை ஆகாது. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டத்தால் வாடகை ஏறக்குறைய உறைந்து போயிற்று. பின் வந்த 1999-ஆம் ஆண்டின் சட்டத்திலும் பழைய குடிகளின் வாடகை சிறிதளவே ஏற முடியும். எட்டுக் குடும்பத்தாரும் கொடுக்கும் வாடகையைக் கூட்டினால் ஓடு மாற்றும் கூலிக்கும் போதாது. "நீங்கள் என்னைக் கஞ்சன் என்று பேசிக்கொள்வது எனக்குத் தெரியும்" என்று அந்தக் காகா சிரித்துக்கொண்டே கூறினார். நாங்கள் தலை குனிந்தோம். மறுபுறம், ஒரு முறை வெளியேறினால் மறுபடி நுழைய விடுவார்களா என்னும் அச்சம் குடியிருப்போர்க்கு. செப்பனிட்டபின் குடியிருந்தவரை மீண்டும் அமர்த்துவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆயினும், எந்த அறை, எத்தனை கண், எத்தனை மாதம் என்று முத்திரைத் தாளில் எழுதிப் பெறாமல் எவரும் சாமான்களை மூட்டை கட்ட வேண்டாம் என்று நம் சங்க அன்பர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். மாநகராட்சி, பழம்பெருங் கட்டடங்களை மூன்று தரமாகப் பகுத்துப் பட்டியல் வைத்துள்ளது. பட்டியலில் உள்ள வீடாயின் ஓர் ஆணியைப் பிடுங்கு முன்னும் அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்வது நலம். நண்பரின் வாடா பட்டியலில் இல்லை.

வேறு ஊர்களில் இது நடந்ததா என்று ஒரு குடும்பத்தார் வினவினர். புதுச்சேரியின் வைசியாள் வீதியைப் பெரியவர் எடுத்துக் கூறினார். அங்கே தமிழ்ப் பாணி வீடுகளின் திண்ணையையும் முகப்பையும் வீட்டுக்காரர்களோடு கலந்து மீட்டனர். 2008-இல் யுனெஸ்கோவின் விருதும் கிடைத்தது. விருது எங்களுக்கு வேண்டாம், தண்ணீர் வந்தாற் போதும் என்றார் கீழ்வீட்டு ஆஜி. 1961 ஜூலை 12-இல் பான்ஷெத் அணை உடைந்து வெள்ளம் புகுந்தபோது ஆற்றோரப் பேட்டைகளில் வாடாக்கள் வரிசையாய்ச் சரிந்ததைச் சிறுமியாய் இருந்து கண்டவர் அவர். அன்று உறவினர் முப்பது பேர் இதே முற்றத்தில் வந்து படுத்திருந்தனராம். இடிக்கலாம் என்ற இரு குடும்பத்தாரும் அதைக் கேட்டு மனம் மாறினர் என்று எழுத ஆசைதான். ஆனால் அவ்வாறு நிகழவில்லை. ஒரு குடும்பம் தன் பங்கை விற்றுக்கொண்டு ஹடப்சர் பக்கம் போய்விட்டது. மற்றொரு குடும்பம் தவணை முறையிற் பணம் கட்டுவதாயின் சரி என்றது.

நண்பர் பேனாவை எடுத்துத் துணைவியாரைப் பார்த்தார். அவர், "பாலத்திற்கு இருபுறமும் கைப்பிடி வைப்பதாக அதில் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. காகா அந்த வரியைத் தம் கையாலேயே சேர்த்து, ஓரத்திற் கையொப்பமிட்டார். பிறகே நண்பர் கையொப்பமிட்டார்.

சென்ற வாரம் போயிருந்தபோது கொல்லையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு அடித்தளம் தோண்டிக் கொண்டிருந்தனர். முற்றத்துத் தூண்களில் ஒன்றின் கால் அறுக்கப்பட்டு, தூண் முட்டின் மேல் தொங்கி நின்றது. அதன் அடியில் கைவிட்டு விளையாடிய நண்பரின் தங்கை மகனைத் தச்சர் அதட்டி விரட்டினார். புதுக் காலுக்கு வைத்திருந்த பழந்தேக்குத் துண்டில், முன்பு ஏதோ ஒரு வீட்டில் அடித்திருந்த ஆணியின் துளை இன்னும் தெரிந்தது.